உப்புப் போடாத கீரை

"மென்னு பாரு தம்பி" என்று ஆயா ஒரு கொழுந்தைக் கிள்ளி என் கையில் கொடுத்தார். பச்சைப் புழு மாதிரி குட்டிக் குட்டியாய், உருண்டையாய் இலைகள். கடித்ததும் பட்டென்று உடைந்து நாக்கெல்லாம் உப்புத் தண்ணீர். கடலில் குளிக்கும்போது வாய்க்குள் போகுமே, அந்தச் சுவை. பின்னாலேயே ஒரு பச்சை வாசனை. துப்பவும் தோன்றவில்லை, விழுங்கவும் தோன்றவில்லை.

2025 ஜனவரி. அதற்கு ஆறு வாரம் முன்புதான், நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையைக் கடந்திருந்தது. மரக்காணத்து உப்பளங்கள் ஏரி போலக் கிடந்தன. பாத்திக்கும் வரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வழக்கமாக ஜனவரி பிறந்ததும் பாத்தியை மிதித்துச் சமன்செய்யும் வேலை தொடங்கிவிடும். அந்த வருடம் தண்ணீர் வடிவதற்கே ஆள் காத்திருந்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் புதுச்சேரியை நோக்கிப் பறந்துகொண்டிருக்க, வரப்பின் ஓரத்தில் மட்டும் ஒன்று புயலைப் பற்றிக் கவலையே படாமல் தளதளவென்று முளைத்திருந்தது. உமரி. இந்தப் பக்கம் சிலர் உமிரி என்கிறார்கள்.

"இதுக்கு உப்பே போடக் கூடாது. போட்டா வாய்ல வைக்க முடியாது" என்றார் ஆயா. நாற்பது வருடம் உப்பு வாரிய கை அவருடையது. வாருபலகை பிடித்த இடத்தில் உள்ளங்கை மரத்துப் போய் மஞ்சளாக இருந்தது. "சுத்தி உப்பு அம்பாரமா கெடக்குது. ஆனா இந்தக் கீரைக்கு மட்டும் உப்பு வேணாம். வேடிக்கையா இல்ல?"

வேடிக்கைதான். அந்த வேடிக்கையைப் பிடித்துக்கொண்டு போனால் எங்கெங்கோ போக வேண்டியிருந்தது. முதலில் சங்க காலத்துக்கு.

*

பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் நல்லூர் நத்தத்தனார். பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். இன்றைய திண்டிவனம், மரக்காணம் வட்டாரம்தான் அந்த ஓய்மாநாடு. பாணனைத் தலைவனிடம் போகச் சொல்லி வழி காட்டும் பாட்டு அது. வழியில் வரும் கடற்கரை ஊர் எயிற்பட்டினம். அதை மரக்காணத்தோடு பொருத்திச் சொல்வது ஆய்வாளர்களிடையே வழக்கம். செங்கடலிலிருந்து இந்தியா வரை வழி எழுதிய பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கையேட்டில் வரும் சோபட்மா துறைமுகமும் இதுதான் என்பவர்கள் உண்டு. எயிற்பட்டினத்தில் பாணனுக்கு நுளைச்சியர் காய்ச்சிய கள்ளும் சுட்ட மீனும் கிடைக்கிறது. கடற்கரைக்குரிய நல்ல விருந்து.

நான் சொல்ல வந்தது அந்த விருந்தை அல்ல. அதே பாட்டில் இன்னொரு சமையல் வருகிறது. தலைவனைப் பார்ப்பதற்கு முன் பாணனின் வீடு எப்படி இருந்தது என்று சொல்லும் இடம். கூரை சிதைந்த அடுக்களை. அதில் குட்டி போட்ட நாய், பால் இல்லாமல் குரைக்கிறது. பாணனின் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளிக்கொண்டு வந்து வேகவைக்கிறாள். உப்பில்லாமல். உப்பு வாங்கக் காசில்லை. வெந்ததை அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாதே என்று வெட்கப்பட்டு, கதவைச் சாத்திவிட்டு, சுற்றத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

கல்லூரியில் இந்தப் பகுதியை வறுமைக்கு எடுத்துக்காட்டு என்று குறித்துக்கொண்டு, பத்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு மறந்துவிட்டேன். உப்பு விளையும் கரையை நோக்கிப் போகிற பாட்டில் உப்பில்லாத கீரை வருகிறது என்பது அப்போது உறைக்கவில்லை. வறுமையின் அளவுகோலாக அந்தப் புலவர் சோற்றை எடுக்கவில்லை, உப்பை எடுத்திருக்கிறார். சோறில்லாதவன் கீரை தின்னலாம். கீரையும் உப்பில்லாமல் தின்ன வேண்டி வந்தால் அதுதான் அடிமட்டம். கூடவே அந்தச் சாத்திய கதவு.

ஆயாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் கீரையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். பிறகு, "எங்க வூட்லயும் அப்டிதான். ஒறம்பர வந்துட்டா உமரிச் சட்டிய எடுத்து மூடி உள்ள வச்சிடுவாங்க எங்க அம்மா. கழிப்பூண்டத் துன்றாங்கன்னு ஊர்ல போயி பேசுவாங்கல்ல" என்றார்.

*

உமரி என்பது ஒரு செடியின் பெயர் இல்லை, ஒரு குடும்பப் பெயர் போல. உவர்நிலத்தில் வளரும் நாலைந்து செடிகளுக்குக் கடற்கரை மக்கள் இந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். சமையலுக்கு வருவது பெரும்பாலும் சூடா மரிட்டிமா என்று தாவரவியலில் சொல்லப்படும் குட்டைச் செடி. அதன் உறவான சூடா மோனோய்க்கா ஆள் உயரத்துக்கு மேல் புதராக வளரும். இலையே இல்லாமல் கணுக்கணுவாக, பவளக்கொடி மாதிரி நிற்கும் செடிகளையும் உமரி என்றுதான் சொல்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் உமரிக்காடு என்று ஓர் ஊரே இருக்கிறது.

பெயர் எங்கிருந்து வந்தது? உவர் என்றால் உப்பு, உவரி என்றால் கடல். உவரி உமரியாகத் திரிந்திருக்கும் என்பது என் ஊகம். விழித்தான் முழித்தான் ஆகும்போது இதற்கென்ன? மொழியியல் தெரிந்தவர்கள் திட்டலாம்.

இந்தச் செடி உப்பில் எப்படிப் பிழைக்கிறது என்பது தனிக் கதை. நெல்லோ கத்தரியோ உவர் ஏறினால் கருகிவிடும். வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் போகும், உள்ளே போன சோடியம் செல்லைக் கெடுக்கும். உமரி உப்பை வெளியே தள்ளப் போராடுவதில்லை. உள்ளே வாங்கி, ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிற பை போன்ற அறையில் போட்டுப் பூட்டிவிடுகிறது. அந்த உப்பே வெளியிலிருந்து தண்ணீரை இழுக்கிறது. இலை சதை பிடித்து உருண்டையாக இருப்பது அதனால்தான். மழை முடிந்த தை மாதத்தில் பச்சை. வெயில் ஏற ஏறச் சிவந்து, கோடையில் தூரத்திலிருந்து பார்த்தால் உப்பளத்துக்கு யாரோ சிவப்புக் கரை போட்ட மாதிரி இருக்கும். சிவந்த பிறகு கீரைக்கு ஆகாது.

அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஒரு கணக்கு உண்டு. உவர்நிலத்தில் இந்தச் செடியை வளர்த்தால் நாலு மாதத்தில் ஒரு ஹெக்டேரிலிருந்து 504 கிலோ உப்பை அது எடுத்துவிடுகிறது. தரையில் பசலை மாதிரிப் படர்ந்து ஊதாப் பூ பூக்கும் செசுவியம் என்ற இன்னொரு கடற்கரைச் செடி 474 கிலோ. சுனாமித் தண்ணீர் ஏறிக் கெட்டுப்போன வயல்களைப் பார்த்த மாவட்டங்களுக்கு இது சும்மா ஒரு எண் இல்லை. ஆயா இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். அவர் வாருபலகையால் செய்ததைத்தான் செடி வேரால் செய்கிறது, கூலி கேட்காமல்.

*

இப்போது வடக்கே போக வேண்டும். மரக்காணத்தில் பக்கிங்காம் கால்வாய் முடிகிறது. அதன் வழியே படகில் எதிர்த்திசையில் போனால் மகாபலிபுரம், சென்னை, பழவேற்காடு, நெல்லூர்ப் பக்கம் என்று போய், ஆந்திரத்தின் மற்ற கால்வாய்களோடு சேர்ந்து காக்கிநாடா வரை நீர்வழி ஒரு காலத்தில் இருந்தது. மொத்தம் ஏறக்குறைய 796 கிலோமீட்டர். உப்பும் விறகும் நெல்லும் அதில் போயின. அந்த மறுமுனையில், காக்கிநாடாவுக்குப் பக்கத்துச் சாமல்கோட்டையில், கால்வாயெல்லாம் வெட்டுவதற்கு முன்பே, ஒரு ஸ்காட்லாந்துக்காரர் செடிகளை எழுதிக்கொண்டிருந்தார். வில்லியம் ராக்ஸ்பர்க். கம்பெனியின் அறுவை மருத்துவர். 1793இல் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பாளராகப் போனவர். அவருக்காக இந்திய ஓவியர்கள் செடிகளை வரைந்தார்கள். அந்தப் படங்களோடுதான் 'கோரமண்டல் கரையின் தாவரங்கள்' 1795இலிருந்து லண்டனில் வெளியானது. ஓவியர்களின் பெயர்கள் பெரும்பாலும் நமக்கு வந்து சேரவில்லை.

அவர் கண்முன்னால்தான் 1791, 92, 93 பஞ்சம் நடந்தது. வடசர்க்கார் மாவட்டங்களையும் தக்காணத்தையும் வாரிக்கொண்டு போன பஞ்சம். புதைக்க ஆளில்லாமல் எலும்புகள் சிதறிக் கிடந்ததால் அதை மண்டையோட்டுப் பஞ்சம் என்றே சொல்கிறார்கள். ராக்ஸ்பர்க் இந்தச் செடியை விவரிக்கும் இடத்தில், இலை நீளம், பூ அமைப்பு எல்லாம் எழுதிவிட்டு, வேறு தொனியில் இரண்டு செய்திகளைச் சொல்கிறார். ஒன்று, கடலோரத்தில் வசிக்கும் எல்லாத் தரப்பு மக்களும் இந்த இலையைக் குழம்பில் போட்டுச் சாப்பிடுகிறார்கள், உடம்புக்கு நல்லது என்று கருதுகிறார்கள். இரண்டு, பஞ்சத்தில் இந்த ஒரு கீரை மட்டுமே பல ஆயிரம் உயிர்களைக் காப்பாற்றியது. செடி இருந்த வரைக்கும் கடலோர ஏழைகளுக்கு இதைத் தவிர வேறு உணவு அதிகம் இல்லை.

முதல் வரியில் எல்லாத் தரப்பும் சாப்பிடுகிறது, அடுத்த வரியில் ஏழைகளின் கடைசிச் சோறு. இரண்டுக்கும் நடுவே ஒரு பஞ்சம். ஆயாவின் அம்மா சட்டியை மூடி வைத்ததற்கான காரணம் இந்த இரண்டு வரிகளுக்கு இடையில் எங்கேயோ இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பஞ்சத்தில் தின்ற எதையும் பஞ்சம் முடிந்தபின் ஜனங்கள் மரியாதையாகத் தின்பதில்லை. கேழ்வரகும் கம்பும் நம் வீடுகளில் என்ன பாடு பட்டன என்று யோசித்துப் பாருங்கள். சிறுதானியம் என்ற புதுப்பெயரோடு காகிதப் பையில் வந்தபிறகுதானே திரும்ப உள்ளே விட்டோம்.

அந்த 1791ஆம் வருடத்தில் வேறொன்றும் நடந்தது. ஐரோப்பாவில் உமரியின் பங்காளிச் செடிகளைக் கடற்கரையில் வளர்த்து, காயவைத்து எரித்து, சாம்பலிலிருந்து சோடா எடுப்பார்கள். கண்ணாடிக்கும் சோப்புக்கும் அது வேண்டும். ஸ்பெயின் அந்த வியாபாரத்தில் கொழித்தது. பிரான்சில் நிக்கோலா லெப்ளாங் சாதாரண உப்பிலிருந்தே சோடா செய்யும் முறைக்கு 1791இல் காப்புரிமை வாங்கினார். கொஞ்ச காலத்தில் சாம்பல் வியாபாரம் படுத்துவிட்டது. உமரிக் குலத்துக்கு ஐரோப்பாவில் சந்தை சரியத் தொடங்கிய வருடமும், சோழமண்டலக் கரையில் அது உயிர்களைப் பிடித்து நிறுத்திய வருடமும் ஒன்றே.

*

அதற்குப் பிறகு வந்தது உப்பு வரி. 1801இல் ஆர்க்காட்டுப் பகுதி கம்பெனி கைக்குப் போனது. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு கம்பெனியின் ஏகபோகம். மரக்காணத்து அளத்தில் விளைந்த உப்பை விளைத்தவன் தன் வீட்டுக்கு அள்ளிக்கொண்டு போக முடியாது. தானாகக் கழியோரத்தில் பூத்த உப்பை வழிப்பதும் குற்றம். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் லட்சக்கணக்கில் செத்தது. அந்தப் பஞ்சம் முழுதாக அடங்குவதற்குள் உப்பு வரியை மணங்குக்கு இரண்டரை ரூபாயாக உயர்த்தினார்கள். பக்கிங்காம் கால்வாய்க்குப் பெயர் வந்ததும் அதே பஞ்ச காலத்தில்தான். பஞ்ச நிவாரண வேலையாகக் கூலிகளை வைத்துச் சென்னை நகருக்குள் ஐந்து மைல் வெட்டி வடக்கு, தெற்குக் கால்வாய்களை இணைத்தார்கள். ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகன் பெயரை 1878இல் வைத்தார்கள்.

உப்பு இல்லாமல் வெந்த வேளைக்கீரையை நினைத்துக்கொள்ளுங்கள். வரிக் காலத்தில் உள்நாட்டு ஏழைக்கு அதுதான் நிலைமை. கழியோரத்துக்காரனுக்கு மட்டும் கீரையே உப்பைக் கொண்டுவந்தது. அதிகாரி உப்பு மூட்டையை எடை போடலாம், உப்பு மண்ணைக் கிளறி அழிக்கலாம். கீரைக்குள் இருக்கிற உப்பை என்ன செய்வான்? 1930இல் ராஜாஜி வேதாரண்யம் கடற்கரையில் அள்ளியது ஒரு பிடி உப்பு. 1931 காந்தி இர்வின் உடன்பாட்டுக்குப் பிறகுதான் உப்பு விளையும் கிராமத்தார் வீட்டுத் தேவைக்கு அள்ளிக்கொள்ளலாம் என்றானது.

*

மருந்துக்கு வருகிறேன். ஆயாவிடம் இது எதுக்கு நல்லது என்று கேட்டதற்கு, முதலில் வந்த பதில்: "பசிக்கு." அப்புறம் யோசித்து, வயிறு கட்டிக்கொண்டால் இளக்கும் என்றார். மஞ்சக்காமாலை கண்டவங்களுக்குக் கொடுப்பாங்க என்றார். புதராக வளர்கிற பெரிய உமரியின் இலையை அரைத்துக் காயத்தில் பற்றுப் போடுவது கடலோரத்தில் பல இடங்களில் உள்ள வழக்கம். உப்பளத்தில் கால் புண் என்பது வேலையோடு வரும் சம்பளம் மாதிரி. செறிந்த உப்புத் தண்ணீரில் நாள் முழுக்க நின்றால் பித்தவெடிப்பு ஆறாது, விரலிடுக்கு வெந்துபோகும். மருந்து பக்கத்து வரப்பில் முளைத்தால் பறிக்காமல் யார் இருப்பார்கள்?

பரிசோதனைக் கூடங்களும் இதைப் பார்த்திருக்கின்றன. தமிழகக் கடற்கரையில் சேகரித்த உமரி இலைச் சாற்றை, ரசாயனம் கொடுத்துக் கல்லீரல் கெட்ட எலிகளுக்குக் கொடுத்தபோது பாதிப்பு குறைந்தது என்று ஆய்வுக் கட்டுரைகள் உள்ளன. மஞ்சள்காமாலைக்குக் கொடுத்த பாட்டிகள் ஏதோ கவனித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் எலி எலிதான். அந்தச் சாறு வேறு, சட்டியில் வேகும் கீரை வேறு. செசுவியம் விஷயத்தில் பழைய மாலுமிகள் பக்கம் சாட்சி இருக்கிறது. மாதக்கணக்கில் கடலில் இருந்து ஈறு வீங்கி ரத்தம் கசிய வருகிறவர்கள் கரையிறங்கியதும் அதைத் தின்றார்கள். அதில் இருக்கும் வைட்டமின் சி செய்த வேலை அது. எந்தப் பச்சை இலையும் ஏறக்குறைய அதைச் செய்திருக்கும்.

இங்கே ஒரு கோபம் எனக்கு இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். என் அத்தைக்கு ரத்தக் கொதிப்பு, சிறுநீரகமும் சரியில்லை. இணையத்தில் யாரோ கடற்கீரைப் பொடி என்று விற்றதை வாங்கி, இயற்கை உப்பு, ரத்தக் கொதிப்பு இருக்கிறவங்களும் சாப்பிடலாம் என்ற வரியை நம்பி, ரசத்தில் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். கால் வீங்கி மருத்துவமனைக்குப் போனபிறகுதான் விஷயமே தெரிந்தது. செடி வழியாக வந்தாலும் சோடியம் சோடியம்தான். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது கீரைக்கும் சேர்த்துத்தான். குஜராத்தில் பாவ்நகரில் இருக்கும் மத்திய உப்பு ஆராய்ச்சி நிறுவனம் உமரியின் உறவுக்காரச் செடி ஒன்றிலிருந்து தாவர உப்பு தயாரித்துக் காட்டியது. அங்கே அது ஆய்வு. யாரோ முகம் தெரியாதவர் பொட்டலம் கட்டி விற்பது வேறு கதை.

ஆயா இந்த ஆபத்தைக் கட்டுரை படிக்காமலே அறிந்து வைத்திருக்கிறார். கொழுந்தை மட்டும் நுனியில் கிள்ள வேண்டும். அலசி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். திரும்பப் புதுத் தண்ணீரில் ஒரு கொதி. அதையும் வடித்து, கையால் பிழிந்து எடுத்து, பிறகுதான் தாளிப்பு. உப்பில் பாதிக்கு மேல் தண்ணீரோடு போய்விடுகிறது, சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகும் ஆக்சலேட்டும் ஓரளவு போகிறது. துவரம்பருப்போடு கடையலாம், கழி இறால் கிடைத்தால் அதோடு வதக்கலாம். கருவாட்டோடு சேர்க்கக் கூடாது. இரண்டு உப்பும் சேர்ந்தால் நாக்கு செத்துப்போகும். "தண்ணி கொட்றதுதான் மருந்து" என்று அவர் சொன்னதை நான் குறித்துக்கொண்டேன்.

*

கழிவெளி ஏரி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பூநாரை வருகிறது, கேமராக்கள் வருகின்றன. நல்லதுதான். ஆனால் உமரி வளர்வது ஏரியின் நடுவில் இல்லை. கழிக்கும் பாத்திக்கும் இடையில் யாருக்கும் வேண்டாத ஓரத்தில். அந்த ஓரத்தில்தான் இறால் பண்ணைக் குட்டைகள் வந்தன, சீமைக்கருவேலம் வந்தது, ரிசார்ட்டுக்கு வேலி வந்தது. ஆயாவின் சின்ன வயதில் வீட்டுக்குப் பின்னால் கிடைத்ததற்கு இப்போது முக்கால் மணி நேரம் நடக்கிறார். மழைக்கால மூன்று மாதமும் உப்பள வேலை இல்லை. 2022இலிருந்து அந்த மாதங்களுக்காக அரசு கொடுக்கும் 5,000 ரூபாய் நிவாரணம் பெயர் பதிந்தவர்களுக்குத்தான். ஆயா பெயர் பதியவில்லை. "அப்ப இதான் கொழம்பு" என்று மடியைக் காட்டினார்.

அவருடைய பேத்தி புதுச்சேரியில் துணிக்கடையில் வேலை செய்கிறாள். கீரை தொட மாட்டாளாம். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது தூரத்தில் இருந்தபடி போனில் படம் எடுத்தாள். எங்களை இல்லை, சிவக்கத் தொடங்கியிருந்த ஒரு திட்டை. "ஆயா, இந்தக் கலர் செமையா இருக்கு" என்றாள். "சிவந்துட்டா துன்ன முடியாதுடி" என்றார் ஆயா.

கிளம்பும்போது பிளாஸ்டிக் பை நிறையக் கொழுந்தைக் கிள்ளிப் போட்டுக் கொடுத்தார். காசு கொடுத்தபோது வாங்கவில்லை. கீரைக்கு யாராச்சும் காசு வாங்குவாங்களா என்றார். சென்னைக்கு வந்து அம்மாவிடம் கொடுத்து, இரண்டு முறை தண்ணீர் வடிக்கணும், பிழியணும், பருப்பு போட்டுக் கடையணும் என்று எல்லாம் வரிசையாகச் சொன்னேன். அம்மாவும் தலையை ஆட்டினார். எல்லாம் சரியாகச் செய்தார். கடைசியில், அறுபது வருஷப் பழக்கம், கை தானாகப் போய் உப்பு ஜாடியில் ஒரு சிட்டிகை அள்ளிப் போட்டுவிட்டது. ஆளுக்கு ஒரு வாய்க்கு மேல் எங்களால் சாப்பிட முடியவில்லை.